அம்மாவுக்கு மூன்று பெயர், இரண்டு பிறந்த திகதி: எதை முதலில் திருத்துவது?

நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றைச் சேர்ந்த, இப்போது கொழும்பில் துணிக்கடையொன்றில் வேலை பார்க்கும் 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தாயார் முப்பது வருடங்களாகக் கொழுந்து பறிக்கிறவர். முழங்கால் வலி தாங்காமல் வருட இறுதியில் வேலையை விட்டு நின்று, ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை எடுக்க நினைக்கிறார். தோட்டக் காரியாலயத்தில் விசாரித்தபோதுதான் சிக்கல் தெரிந்திருக்கிறது. தேசிய அடையாள அட்டையில் அவர் பெயர் மகாலெட்சுமி, பிறந்த ஆண்டு 1970. சேமலாப நிதிப் பதிவில் எம். லெச்சுமி. அந்த அட்டை 2005ஆம் ஆண்டளவில் ஒரு நடமாடும் சேவையில், உத்தேச வயதுச் சான்றிதழை வைத்து எடுத்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றே குடும்பம் இத்தனை காலமும் நம்பியிருக்கிறது. மகள் பிரதேச செயலகத்தில் தேடுதல் விண்ணப்பம் கொடுத்துப் பார்க்க, லெட்சுமி என்ற பெயரில், 1973 மார்ச் 12 என்ற திகதியுடன் ஒரு பதிவு கிடைத்திருக்கிறது.

நகரத்தில் ஒருவர் 35,000 ரூபா தந்தால் ஒரு வாரத்தில் “எல்லாம் பொருந்துகிற மாதிரி” புதிய அட்டை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா சங்கிலியை அடகு வைக்கவும் தயாராம். சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் தம்பிக்கு இன்னும் அட்டை இல்லை என்ற கவலையும் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது பணத்தைப் பற்றிய பகுதி அல்ல. “அம்மாவிடம் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இல்லை. தாத்தா அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர். நாங்கள் அட்டையைத் திருத்தப் போனால் பழையதைக் கிளறி, இருக்கிற அட்டையையும் பறித்துக்கொள்வார்களோ?” என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இந்தப் பயம் தீராமல் நீங்கள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பாதிக் கேள்வியை விழுங்கிவிட்டுத் திரும்பி வருவீர்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரஜாவுரிமை பற்றிய பயம்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. உங்கள் தாத்தா இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தது அந்தக் காலத்தில்தான். அப்படி எழுதிக் கொடுத்த எத்தனையோ பேர் கப்பல் ஏறாமல் இங்கேயே இருந்து, இங்கேயே உழைத்து, இங்கேயே மண்ணுக்குள் போனார்கள்.

அவர்களுக்காகவும் அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் வந்ததுதான் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வந்த இந்திய வம்சாவளியினரையும், இலங்கையில் பிறந்து இங்கேயே வசிக்கும் அவர்களுடைய சந்ததியினரையும் அது இலங்கைப் பிரஜைகளாக்கியது. இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டு இங்கேயே தங்கியவர்கள் மட்டும் தனியாக ஒரு பிரகடனம் கொடுக்கவேண்டியிருந்தது. உங்கள் அம்மா இங்கே பிறந்தவர், இங்கிருந்து எங்கும் போகாதவர், எந்தக் கடவுச்சீட்டும் எடுக்காதவர். அவர் இலங்கைப் பிரஜை. தாத்தா எதற்கு ஒப்பம் வைத்தார் என்பது அதை மாற்றாது. பழைய மஞ்சள் கடதாசி எதையும் தேடி வீட்டைப் புரட்ட வேண்டாம்.

பயத்தைச் சொன்னபடியால் இதையும் சொல்கிறேன். பிழையான விவரத்தைத் திருத்தித் தரும்படி தானே போய்க் கேட்பது குற்றமல்ல. 2005இல் பிறப்புப் பதிவு கையில் இல்லாததால் உத்தேச வயதைக் கொடுத்தார்கள். இன்று பதிவு கிடைத்திருக்கிறது. இதில் அம்மா மறைக்கவேண்டிய எதுவும் இல்லை.

அந்தப் பதிவு அம்மாவுடையதுதானா?

சான்றிதழ் கிடைத்த மகிழ்ச்சியில் நீங்கள் தாண்டிப் போயிருக்கக்கூடிய ஒரு விடயம் இது. ஒரு குழந்தை இறந்தபின் அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பது நம் குடும்பங்களில் நடந்திருக்கிறது. லயன்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) குழந்தைச் சாவு அதிகமாக இருந்த காலம் அது. 1973இல் பதிவான லெட்சுமி, அம்மாவுக்கு முன்னால் பிறந்து இறந்துபோன ஓர் அக்காவாக இருக்க முடியாதா? பெரும்பாலும் அப்படி இருக்காது. ஆனால் கேட்காமல் விடக்கூடாது. தவறான ஆளின் பதிவின் மேல் எல்லாவற்றையும் கட்டிவிட்டால் பிறகு பிரிப்பது மிகவும் கடினம்.

பதிவிலுள்ள தகப்பன், தாய் பெயர்களையும், பிறந்த இடமாக எழுதப்பட்டிருக்கும் தோட்டத்தையும் பிரிவையும், அறிவித்தவர் யார் என்பதையும் பாருங்கள். பாட்டி இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் பெரியம்மா, மாமா யாரிடமாவது, “அம்மாவுக்கு முன்னால் பிறந்து தவறிய பிள்ளை உண்டா?” என்று மென்மையாகக் கேளுங்கள். அம்மா இரண்டாம் வகுப்பு வரையாவது படித்திருந்தால் அந்தத் தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பில் பிறந்த திகதி இருக்கும். ஞானஸ்நானப் பதிவு, தோட்ட வைத்தியசாலைப் பதிவு, வீட்டுச் சாதகக் குறிப்பு எதுவானாலும் உதவும். இரண்டு ஆதாரமாவது 1973ஐக் காட்டினால் நிம்மதியாக அடுத்த அடியை வைக்கலாம். எதுவுமே பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்தி, மாவட்டப் பதிவாளரிடமோ பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடமோ விடயத்தை அப்படியே சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் முன்னாலிருக்கும் இரண்டு வழிகள்

பதிவு அம்மாவுடையதுதான் என்று வைத்துக்கொண்டு பேசுவோம்.

முதல் வழி, அட்டையை அப்படியே விட்டுவிட்டு, சேமலாப நிதிப் பதிவிலுள்ள பெயரை மட்டும் அட்டைக்குப் பொருந்தச் செய்வது. உங்கள் தம்பி சொல்லும் யோசனை இது. கேட்பதற்கு இலகுவாகத்தான் இருக்கிறது. சேமலாப நிதியை வேலையிலிருந்து விலகும் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். 1970 ஆனாலும் 1973 ஆனாலும் அம்மா 50ஐத் தாண்டிவிட்டார். பணம் கிடைக்கும் உரிமை பிறந்த ஆண்டால் பாதிக்கப்படவில்லை.

அப்படியானால் ஏன் திருத்தவேண்டும் என்று கேட்பீர்கள். சரியான திகதி தெரிந்த பிறகு, பிழையென்று தெரிந்த திகதியின் கீழ் புதிதாக ஒப்பம் வைக்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கோரிக்கைப் படிவத்தோடு பிறப்புச் சான்றிதழையும் கேட்டால் முரண்பாடு அங்கேயே வெளிப்படும். அப்போது அவசரத்தில் விளக்கம் சொல்லவேண்டி வரும். நாளைக்கு அம்மா இல்லாத ஒரு காலத்தில் உங்கள் வாரிசுரிமைக் கடிதங்களிலும் இதே முரண்பாடு திரும்ப எழும். அன்றைக்கு விளக்கம் சொல்ல அவர் இருக்கமாட்டார்.

இரண்டாவது வழி, பிறப்புப் பதிவை அடிப்படையாக வைத்து அட்டையைத் திருத்தி, அதன்பின் மற்றவற்றை ஒவ்வொன்றாக அதற்குப் பொருந்தச் செய்வது. நான் பரிந்துரைப்பது இதுதான். ஆனால் இதில் ஒரு விலை உண்டு, அதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வயதில் மூன்று வருடம் குறைவதால், 70 வயதில் கிடைக்கும் முதியோர் கொடுப்பனவு போன்றவை மூன்று வருடம் தள்ளிப்போகும். அவர் சம்மதத்தோடுதான் இது நடக்கவேண்டும். அட்டை அவருடையது, முடிவும் அவருடையது.

இன்னொரு நடைமுறைச் சிக்கலையும் விளங்கிக்கொள்ளுங்கள். நமது அடையாள அட்டை எண் சும்மா வரிசைக்குக் கொடுத்த எண் அல்ல. பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ணுவார்கள். 1973 மார்ச் 12 அந்த ஆண்டின் 72ஆவது நாளாகிறது. ஆகவே அன்று பிறந்த பெண்ணின் எண் 73572 என்று தொடங்கவேண்டும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கமாக 1973 என்று வரும். அம்மாவின் இப்போதைய எண் 70 என்று தொடங்குகிறது. பிறந்த திகதி மாறினால் எண்ணும் மாறத்தான் வேண்டும். எண் மாறினால் வங்கிக் கணக்கு, அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, சேமலாப நிதி, தொலைபேசி இணைப்பு, வாக்காளர் இடாப்பு எல்லாவற்றிலும் பழைய எண் அந்தரத்தில் நிற்கும். இதனால்தான் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கும்போதே, பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே ஆளுக்கு உரியவை என்று, அட்டையை வழங்கும் ஆட்பதிவுத் திணைக்களத்திடமிருந்து எழுத்தில் ஓர் உறுதிப்படுத்தல் கேட்டு வாங்கவேண்டும். பழைய அட்டையை ஒப்படைக்குமுன் இரு பக்கமும் தெளிவாகப் பிரதி எடுத்து வையுங்கள். புதிய அட்டையைவிடவும் அந்தக் கடிதம்தான் வங்கியிலும் தொழில் திணைக்களத்திலும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

அலுவலகம் அலுவலகமாக

அட்டைத் திருத்தத்துக்கான படிவம் கிராம உத்தியோகத்தரிடம் கிடைக்கும். தோட்டத்தில் வசிப்பவர்களுக்குத் தோட்ட அத்தியட்சகரின் அத்தாட்சியும் உண்டு. ஒருவர் மறுத்தால் மற்றவரிடம் கேட்கலாம். பிறப்புச் சான்றிதழ், பழைய அட்டை, 2005இல் எடுத்த உத்தேச வயதுச் சான்றிதழின் பிரதி இருந்தால் அது, பதிவுசெய்யப்பட்ட படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்த புகைப்படம் ஆகியவற்றோடு, என்ன நடந்தது என்று அரைப் பக்கத்தில் ஒரு கடிதமும் இணையுங்கள். தமிழிலேயே எழுதலாம். தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. சிங்களத்தில் எழுதிக்கொண்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை. படிவங்கள் பிரதேச செயலகத்திலுள்ள அடையாள அட்டைப் பிரிவினூடாகப் பத்தரமுல்லையிலுள்ள ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும்.

பெயர் எழுதும் இடத்தில் மிகவும் கவனமாக இருங்கள். 2017இல் அறிமுகமான அட்டையில் பெயர் மூன்று மொழியிலும் வருகிறது. அம்மாவின் சிக்கல் முழுவதும் லெட்சுமி, லெச்சுமி, மகாலெட்சுமி என்று ஆளுக்காள் தாங்கள் கேட்டபடி எழுதியதால் வந்தது. பிறப்புப் பதிவில் உள்ள எழுத்தை அப்படியே எழுதுங்கள். ஆங்கில எழுத்துக்களைத் தோட்டத்துச் சம்பளப் பதிவில் உள்ளபடி வைத்துக்கொண்டால் பின்னால் ஒரு திருத்தம் குறையும். வீட்டிலும் கோயிலிலும் மகாலெட்சுமி என்றே எல்லோரும் கூப்பிடுகிறார்கள், அந்தப் பெயர்தான் வேண்டும் என்று அம்மா விரும்பினால் அதற்கும் வழியுண்டு. முதலில் பிறப்புப் பதிவிலேயே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். அதற்குக் காலம் கூடுதலாகப் பிடிக்கும்.

சத்தியக் கடதாசி ஒன்று முடித்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று தோட்டத்தில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சமாதான நீதவான் முன்னிலையில் முடிக்கும் சத்தியக் கடதாசி, “இந்த மூன்று பெயரும் என்னையே குறிக்கும்” என்று அம்மா சத்தியம் செய்து சொல்வது. அது துணை ஆவணம். எந்தப் பதிவேட்டிலும் ஓர் எழுத்தையும் அது மாற்றாது. ஒன்று முடித்து வையுங்கள், உதவும். அதை மட்டும் நம்பி இருக்கவேண்டாம்.

அட்டை கையில் வந்ததும் சேமலாப நிதி. தோட்ட அத்தியட்சகரிடம், இந்த உறுப்பினர் இலக்கத்தில் எம். லெச்சுமி என்று பதிவாகியிருப்பவரும் இந்த அடையாள அட்டைக்குரிய லெட்சுமியும் ஒருவரே என்று கடிதம் வாங்குங்கள். துரையிடம் நேரே கேட்கத் தயக்கமாக இருந்தால் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கடிதம், சத்தியக் கடதாசி, எண்களை உறுதிப்படுத்தும் கடிதம், புதிய அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றோடும் உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். அம்மாவின் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் 12 வீதமும் கட்டியிருக்கவேண்டும். கணக்குக் கூற்றை வாங்கி, இடையில் விடுபட்ட மாதங்கள் உண்டா என்று இப்போதே பாருங்கள். நிர்வாகம் கைமாறிய தோட்டங்களில் ஒரே தொழிலாளிக்கு இரண்டு உறுப்பினர் இலக்கங்கள் இருப்பதுண்டு. ஒன்றை மட்டும் கோரிவிட்டு மற்றதை அறியாமலே விட்டவர்களின் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். பின்னுரித்தாளராக (அம்மாவுக்குப் பிறகு பணத்தைப் பெறுபவராக) அப்பாவின் பெயரே இன்னும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், அவர் இறந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

பணிக்கொடை வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம் என்று தோட்டமே நேரடியாகக் கொடுக்கவேண்டும், அதுவும் வேலை முடிந்து 30 நாட்களுக்குள். முப்பது வருடம் செக்ரோலில் (தோட்டத்து வரவுப் பதிவில்) பெயர் போட்ட ஆளை யாரென்று தெரியாது என்று தோட்டம் சொல்ல முடியாது. அட்டைத் திருத்தத்தைக் காரணம் காட்டி இதை இழுத்தடிக்க விடாதீர்கள்.

இத்தனையும் முடிய மாதங்கள் ஆகும். ஒவ்வொரு அலைச்சலுக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் பெயர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும் என்பதை நான் மறக்கவில்லை. தேடுதல், படிவம் வாங்குதல், பிரதி எடுத்தல் எல்லாவற்றையும் நீங்கள் பார்த்துக்கொண்டு, ஒப்பம் வைக்கவேண்டிய நாட்களில் மட்டும் அவரை அழைத்துப் போங்கள். வருட இறுதிக்குள் அட்டை வராவிட்டால், வந்த பிறகு வேலையை விடச் சொல்லுங்கள். முழங்கால் அதுவரை தாங்காது என்று வைத்தியர் சொன்னால் வேலையை விடட்டும். சேமலாப நிதிப் பணம் காலாவதியாகிப் போய்விடாது, பிறகும் கோரலாம்.

அந்த 35,000 ரூபா

கொடுக்காதீர்கள். சங்கிலியை அடகு வைக்க விடாதீர்கள். திருத்தத்துக்கு அரசாங்கம் அறவிடுவது அதில் மிகச் சிறு பகுதிதான். “எல்லாம் பொருந்துகிற மாதிரி” என்று அவர் சொல்வதற்கு இரண்டு அர்த்தம்தான் இருக்க முடியும். ஒன்று, நீங்களே நிரப்பக்கூடிய அதே படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வது. மற்றது, பொய்யான பிறப்புச் சான்றிதழையோ பொய்யான அத்தாட்சியையோ வைத்து அட்டை எடுப்பது. இரண்டாவது நடந்தால், ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் பொய்த்தகவல் கொடுத்த குற்றத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் அம்மா, ஒப்பம் அவருடையது. தரகரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. இன்று பிழையாக இருப்பது நேர்மையான பிழை. அந்தப் பணத்தைக் கொடுத்து அதைக் குற்றமாக மாற்றிக்கொள்ள வேண்டாம். அம்மாவின் அட்டைப் பிரதியை ஏற்கெனவே அவரிடம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்குங்கள்.

புதிய வகை அட்டை வந்துவிட்டதால் பழைய வகை அட்டை செல்லாது என்று அந்தத் தரகர் பயமுறுத்தியதும் சரியல்ல. எழுத்தும் படமும் தெளிவாக இருக்கும் பழைய எண் அட்டை இன்றும் செல்லும்.

தம்பியின் அட்டை

தம்பிக்கு 16 வயது, பிறப்புச் சான்றிதழும் இருக்கிறது. 15 வயது பூர்த்தியானாலே விண்ணப்பிக்கலாம். பாடசாலை மாணவரென்பதால் விண்ணப்பம் அதிபர் ஊடாகப் போகும். பரீட்சைக்கு முன் அட்டை வராவிட்டால் ஆட்பதிவுத் திணைக்களம் கொடுக்கும் விபர உறுதிப்படுத்தல் கடிதத்தோடு பரீட்சை எழுதலாம், யாரும் மண்டபத்துக்கு வெளியே நிறுத்தமாட்டார்கள்.

அவருடைய சான்றிதழில் தாயின் பெயர் மகாலெட்சுமி என்றிருப்பதால் அம்மாவின் திருத்தம் முடியும்வரை காத்திருக்கவேண்டுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தம்பியின் பெயரும் பிறந்த திகதியும் சரியாக இருக்கின்றன, அட்டைக்கு அவைதான் தேவை. தாயின் பெயர்த் திருத்தத்தைப் பரீட்சை முடிந்த பிறகு, அம்மாவின் புதிய அட்டையைக் காட்டிப் பதிவாளரிடம் செய்துகொள்ளலாம். அதிபரை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.